அந்த ஊட்டுப் பேச்சு

இதை நான் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். மற்றதை விட முடியவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே இடத்தில் உருவாவதில்லை. நூல் நிட்டிங் என்கிற இடத்துக்குப் போய்த் துணியாகும். துணி டையிங் என்கிற சாயப்பட்டறைக்குப் போய்ச் சாயம் ஏறும். பிறகு அகலம் பிடித்து நீவுவதற்கு ஒரு இடம், படம் அச்சடிக்க ஒரு இடம், வெட்ட ஒரு இடம், தைக்க ஒரு இடம். ஒவ்வொன்றுக்கும் தனி முதலாளி, தனி கேட், தனி வாட்ச்மேன். வந்த துணியில் தன் வேலையை மட்டும் செய்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அது எங்கிருந்து வந்தது, அடுத்து எங்கே போகிறது என்பது அவர்களுக்கு வேண்டாத விஷயம். அதைக் கூட்டிக்கொண்டு அலைய நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்கு ஃபாலோ-அப் என்று பெயர். அவர் அதைச் செய்தார். தனியாக ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனிகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஒரே ஆளாகச் செய்தார். நான் அவருக்கு வண்டி ஓட்டினேன். சின்ன லோடு வண்டி. ஊரில் குட்டியானை என்பார்கள்.

அவர் என்னைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொன்னால் அவரைப் பற்றிப் பாதி சொன்னமாதிரி. வண்டி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் யாருடைய துணியை எங்கே இறக்கினோம், எந்தக் கம்பெனியில் சம்பளம் போடவில்லை, எந்த முதலாளி புதுக் கார் வாங்கினார் என்று பேச்சு. நான் என் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். நான் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவன், அஞ்சாவது வரைதான் படிப்பு. நாலு பேர் இருக்கும் இடத்தில் என்ன பேசுவது என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து என் ஜன்னல் பக்கம் நின்றார்.

"ஏனுங்க தம்பி, நீங்க பேசுவீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஏறுங்க, போலாம்" என்றார். நான் ஏற்கெனவே என் வண்டிக்குள்தான் இருந்தேன்.

ஒரு இடத்தில் பார்த்ததை இன்னொரு இடத்தில் சொல்லமாட்டார். அவரிடம் இருந்த குணம் என்றால் அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. சாயப்பட்டறை முதலாளி டீ வரவழைத்து உட்காரவைத்து, அந்தக் கம்பெனியில் இப்போது எந்த ஆர்டர் ஓடுகிறது என்று சாதாரணமாகக் கேட்பார். இவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "அது அந்த ஊட்டுப் பேச்சுங்க. துணி வந்திருக்குது, எறக்கிக்குங்க" என்பார். ஊடு என்றால் இந்தப் பக்கத்தில் வீடு. அவருக்கு ஒவ்வொரு யூனிட்டும் ஒரு ஊடு. அந்த ஊட்டுப் பேச்சு இந்த ஊட்டுக்கு வரக்கூடாது.

சட்டைகளை அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வார். முன்னால் இரண்டு பை, உள்ளே ஒரு பை. ஒரு பார்ட்டியின் மாதிரித் துணித்துண்டு இன்னொரு பார்ட்டியின் துண்டோடு ஒரே பையில் கிடக்காது. பார்ட்டி என்றால் வேலை கொடுக்கிறவர்கள். வண்டியில் ஒருவர் துணி இருக்கும்போது மற்றவர் கேட்டுக்குள் போவதாக இருந்தால் தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு பக்கமும் கட்டி, தானே ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பார்.

ஒரு தடவை நிட்டிங்காரர் மகனுக்கும் பிரிண்டிங்காரர் மகளுக்கும் சம்பந்தம் பேசினார்கள். இரண்டு வீட்டுக்கும் பழக்கமானவர் இவர்தான் என்பதால் பையன் வீட்டாரும் இவரைக் கேட்டார்கள், பெண் வீட்டாரும் இவரைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். இப்படி வாயை மூடுகிறார் என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று இரண்டு பேரும் முடிவுசெய்து சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். பிறகு அந்தப் பையனுக்கு வேறிடத்தில் கல்யாணம், அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம். இரண்டுக்கும் பத்திரிகை வந்தது, இரண்டுக்கும் போனார். அங்கே என்ன சாப்பாடு போட்டார்கள் என்று இங்கே கேட்டார்கள். சொல்லவில்லை.

எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான் என்று நினைக்கிறேன். என்னைப் பார்க்காமல் இருக்கத் தெரிந்தவர். ஒரு கட்டத்தில் எனக்கு அடிக்கடி தாகமெடுத்தது. பெரிய கேனில் தண்ணீர் வைத்திருப்பேன். பல்லடம் ரோட்டில் போனால் நாலு இடத்தில் வண்டியை ஓரங்கட்டி இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் எதிர்ப்பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வயல் இல்லாத இடத்தில் சுவரைப் பார்ப்பார். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

அவருக்கு முதலில் கண்தான் சிவந்தது. தூசி என்றார். பிறகு வெயிலைப் பார்க்க முடியாமல் கறுப்புக் கண்ணாடி போட்டார். சாயத்தின் நிறம் சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவர் வேலையில் ஒரு பகுதி. அதை என்னிடம் கொடுத்து, "தம்பி, இது அதுக்குச் சேருதுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணுக்குள்ளே அழற்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். அந்தச் சீசா சட்டையின் இடது பைக்குப் போனது.

அடுத்து கையில் இருந்த பழைய தழும்பு. பல வருஷத்துக்கு முன்னால் துணி நீவும் யூனிட்டில் நீராவிக் குழாய் பட்டு ஆறிப்போன தழும்பு அது. அவரே மறந்துபோனது. அது திடீரென்று புடைத்து, கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. மூக்கோரமும் அதேமாதிரி தடித்தது. தோல் டாக்டர் களிம்பு எழுதினார். களிம்பு வலது பைக்குப் போனது. பிறகு வறட்டு இருமல். படியேறினால் மூச்சு வாங்கியது. நெஞ்சு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சுக்குள் நெறி கட்டியிருக்கிறது, டிபியாக இருக்கலாம் என்றார். சளியைச் சோதித்ததில் ஒன்றும் வரவில்லை. இருமலுக்கு மருந்து கொடுத்து, ஸ்கேன் எடுக்க நாள் சொல்லியனுப்பினார். அந்த மருந்து அவர் கையோடு கொண்டுபோகும் மஞ்சப்பைக்குள் போனது.

மூன்று டாக்டர்களிடமும் நான்தான் கூட்டிப்போனேன். மூன்று பேரும் வேறு தொந்தரவு உண்டா, வேறு எங்காவது பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அவர் பதில் கேட்கும். "இல்லீங்க."

நான் ஒரே ஒரு முறை வண்டியில் அதைக் கேட்டேன். கேட்பதற்கு அவிநாசியிலிருந்து திருப்பூர் வரைக்கும் தயார்செய்துகொண்டு வந்தேன். கண் டாக்டரிடம் தோலைப் பற்றியும் சொன்னால் என்ன என்றேன்.

அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "டையிங்ல போய் நின்னுக்கிட்டு நிட்டிங்கைப் பத்திப் பேசுவனுங்களா? அவரு கண்ணு பார்க்கறவரு. அவருகிட்டக் கண்ணைக் காட்டோணும், காசு குடுக்கோணும், வரோணும். இன்னொரு டாக்டரைப் பத்தி அவருகிட்டச் சொன்னா மரியாதையா இருக்குமுங்களா?"

இந்த ஊரில் தொழில் செய்கிற யாருக்கும் அது நியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

பிறகு விழ ஆரம்பித்தார். முதல் தடவை நீவும் யூனிட்டில், துணி உருளைகளை எண்ணிக்கொண்டு நின்றவர் அப்படியே உருளைகளின் மேல் சாய்ந்தார். எழுந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணினார். வெயில் என்றார்கள். இன்னொரு தடவை வண்டிக்குள். பேசிக்கொண்டு வந்தவர் அல்ல, அதனால் எப்போது நினைவு போனது என்று எனக்குத் தெரியாது. தலை முன்னால் தொங்கியது. நான் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் நிமிர்ந்து, "கேட்டைத் தெறந்துட்டாங்களா?" என்றார். நாங்கள் இருந்தது நடுரோட்டில், பக்கத்தில் கேட் எதுவும் இல்லை.

"அண்ணா, அக்காகிட்டச் சொல்லட்டுமா?" என்றேன். அக்கா என்று நான் சொன்னது அவர் வீட்டுக்காரம்மாவை.

"வண்டியில நடந்தது வண்டியில இருக்கட்டுமுங்க தம்பி" என்றார்.

அக்கா சில நாள் எனக்குப் போன் செய்வார். அவருக்குக் கண் ஏன் சிவந்திருக்கிறது, ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்று கேட்பார். எனக்குத் தெரியாதுங்கக்கா என்பேன். பேசாமல் இருப்பதற்குத்தான் எனக்கு வாடகை என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் வண்டி ஓட்டும்போது ரோட்டைப் பார்ப்பதைவிட அவர் தலையைப் பார்ப்பது அதிகமாகிவிட்டது.

மூன்றாவது தடவை கோயமுத்தூரிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு வரும்போது. தலை தொங்கியது, கூப்பிட்டேன், நிமிரவில்லை. உதடு வெளுத்திருந்தது. நான் வண்டியைத் திருப்பினேன். எந்த ஆஸ்பத்திரி என்று யோசிக்கவில்லை. போகும் வழியில் தினமும் பார்க்கிற பெரிய கட்டடம் ஒன்று இருந்தது, அங்கே போனேன். கார் நிற்கும் இடத்தில் லோடு வண்டியை நிறுத்தக்கூடாது என்று செக்யூரிட்டி சத்தம் போட்டார். அதற்குள் இவர் விழித்துவிட்டார். சக்கரக் கட்டிலில் படுத்துக்கொண்டே, துணி எங்கே என்று கேட்ட பார்ட்டிக்குப் போனில், "வந்துட்டிருக்குதுங்க" என்று சொன்னார்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். நாடி மிகவும் குறைவாக ஓடியது. இதயத்தில் ரத்தக்குழாய் அடைப்பு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மேலிருந்து கீழே போகிற மின்சாரம் நடுவில் நின்று நின்று போகிறது என்றார்கள். வயதும் அவ்வளவு இல்லை, சர்க்கரையும் இல்லை, பின் ஏன் இப்படி என்று அவர்களுக்குப் புரியவில்லை. டாக்டர் ஒரு இளவயதுப் பெண். கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவசரமில்லாமல் கேட்டார். இதற்கு முன்னால் வேறு ஏதாவது தொந்தரவு? வேறு எங்காவது வைத்தியம்?

"இல்லீங்க" என்றார்.

நான் அவருடைய செருப்பையும் மஞ்சப்பையையும் பிடித்துக்கொண்டு திரைச்சீலை ஓரம் நின்றேன். எதிரே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்த்துச் சொன்னேன்.

"கண்ணுக்கு ஒரு ஆஸ்பத்திரி. தோலுக்கு ஒண்ணு. நெஞ்சுக்கு ஒண்ணு. இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை விழுந்துட்டாக."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தை விடவில்லை. மருந்தெல்லாம் எங்கே என்று கேட்டார். இடது பை, வலது பை, இந்தப் பை என்றேன். நர்ஸ் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். கண் சொட்டு, களிம்பு, இருமல் மருந்து. எத்தனையோ மாதமாக ஒரே உடம்பில் இருந்த அந்த மூன்றும் அன்றைக்குத்தான் ஒன்றையொன்று பார்த்தன.

டாக்டர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படுத்திருந்தவரின் சட்டைக் கையை மடித்துவிட்டு அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். வேறு யாரையோ போனில் கூப்பிட்டார்.

கட்டிலில் கிடந்தவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் தெரியவில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும்.

"தம்பி, நாளையிலிருந்து நான் வேற வண்டி பார்த்துக்கறனுங்க."

"சரிங்கண்ணா."

"இன்னைக்கு அந்தத் துணியை மட்டும் எறக்கிட்டுப் போயிருங்க."

போய் இறக்கினேன். அக்காவையும் கூட்டிவந்து விட்டேன். வேலை போய்விட்டதால் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது. அக்கா அழுதார். அவர் இத்தனை பேசாமல் இருந்ததற்கா, நான் இத்தனை பேசியதற்கா என்று தெரியவில்லை.

மற்றது பிறகு அக்கா சொல்லித் தெரிந்தது. தழும்பிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். நெஞ்சை ஸ்கேன் செய்தார்கள். நோய்க்கு சார்காய்டோசிஸ் என்று பெயர். டிபி இல்லை, புற்று இல்லை, யாருக்கும் ஒட்டாது. உடம்பைக் காவல்காக்க வேண்டிய அணுக்கள் காரணமில்லாமல் ஒன்றுகூடி அங்கங்கே முடிச்சு முடிச்சாக நின்றுகொள்ளும். நூலில் முடிச்சு விழுவதுபோல என்று டாக்டரே சொன்னாராம். ஏன் விழுகிறது என்பது யாருக்கும் தெரியாது. எங்கே விழும் என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. பெரும்பாலும் நுரையீரலில், இல்லையென்றால் கண், தோல், கழுத்து நெறி, ஈரல், நரம்பு. சில பேருக்கு இதயத்தில். அங்கே விழுந்தால்தான் ஆபத்து. இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஒரு தடவை விழுந்தவர் எழுந்திருக்கமாட்டார் என்றார்களாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப எல்லாம் ஒரே பார்ட்டி ஆர்டருங்களா?"

டாக்டருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஆமாம் என்றாராம்.

இதயம் நின்றுவிடாமல் இருக்க தோளுக்குக் கீழே சின்னக் கருவி ஒன்றைத் தோலுக்கடியில் வைத்தார்கள். முடிச்சுகள் கரைய மாத்திரை. அந்த மாத்திரைக்கு முகம் உப்பியது, பசி கூடியது. ஊருக்கு வந்து யூனிட்டுகளில் தலைகாட்டியபோது எல்லாரும் அவருக்குச் சொந்தக் கம்பெனி அமைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கருவி இடது பக்கம் இருந்ததால் அந்தப் பக்கத்துச் சட்டைப்பையைப் பிரித்தெடுக்கச் சொல்லிவிட்டார். பை ஒன்று குறைந்ததால் ஒரு பார்ட்டி கழிந்தது. அந்தப் பார்ட்டிக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

நான் வேறு லோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். சில வாரம் கழித்து ஸ்டாண்டில் ஜன்னல் பக்கம் ஒரு உருண்டை முகம் வந்து நின்றது. முதலில் அடையாளம் தெரியவில்லை.

"புதுப் பையன் நல்லா ஓட்டறானுங்க" என்றார். கதவுப் பிடியில் கை வைத்தார். "பேசறான்."

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

கோயமுத்தூருக்கு மாதா மாதம் காட்டப் போக வேண்டும். வெறும் வண்டி போவது அவருக்குப் பிடிக்காது. போகும்போதோ வரும்போதோ யாருடைய லோடாவது இருக்கும். அந்த டாக்டரிடம் இதே நோய்க்காரர்கள் சிலர் ஒரே நாளில் வருவார்கள். ஒரே பெஞ்சில் உட்காரவைப்பார்கள். எனக்கு அந்தப் பெஞ்சைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும். ஒரே பெயர் எழுதிய சீட்டு, ஒவ்வொருவர் உடம்பும் வேறு. சோமனூரிலிருந்து வரும் அம்மாவுக்கு நுரையீரலில். வீட்டுக்குப் பக்கத்தில் தறி ஓடுவதால் பஞ்சுத் தூசி என்று பல வருஷம் இருந்துவிட்டார். பீகாரிலிருந்து வந்து இங்கே தையல் யூனிட்டில் வேலை செய்யும் ஒரு ஆளுக்குக் காதோரம் இரண்டு பக்கமும் வீங்கி, முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரித்தால் பாதிதான் சிரிக்கும். அதனால் நிறையச் சிரிப்பார். மடத்துக்குளத்து விவசாயி ஒருவருக்குக் கணுக்கால் வீங்கி, முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள் வந்தன. மாத்திரையே இல்லாமல் எல்லாம் தானாகப் போய்விட்டது. அவர் வருவதே போய்விட்டது என்று காட்டத்தான்.

பெஞ்சில் ஒருவருக்கொருவர், "உங்களுக்கு எங்கீங்க?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். ஊர் எது என்று கேட்பதுபோல இருக்கும். அவரையும் கேட்டார்கள். அவர் கூரையில் ஓடும் காற்றாடியைப் பார்த்தார்.

ஒரு நாள் மடத்துக்குளத்துக்காரர் சோமனூர் அம்மாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரே நோய்தானே, எனக்குப் போனது உங்களுக்கும் போகும், எதற்கு இந்த மாத்திரையைத் தின்று முகத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள், ரெண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள் என்று. நல்ல மனசுடன்தான் சொன்னார். அந்த அம்மாவுக்கு மாத்திரையால் சர்க்கரை ஏறியிருந்தது, அலுத்துப்போயிருந்தார். சரிங்க, நிறுத்தித்தான் பார்க்கறேன் என்று சொல்லி, பையிலிருந்து எடுத்த மாத்திரை அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். அந்தப் பெஞ்சில் அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அது அந்த ஊட்டுப் பேச்சுங்க அம்மணி. உங்க ஊட்டுது வேற. நிறுத்தறதுன்னா உள்ள போய் டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்துங்க."

விவசாயிக்கு முகம் சுருங்கிவிட்டது. உங்களுக்கு எங்கே என்று இப்போதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்.

"அங்கங்கே இருக்குதுங்க" என்றார்.

அந்த அம்மா மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே போய்க் கேட்டிருக்கிறார். டாக்டர் அளவைக் கொஞ்சம் குறைத்து, நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் நுரையீரல் சுருங்கிவிடும் என்று சொல்லியனுப்பினார். வெளியே வந்து இவருக்குக் கும்பிடு போட்டார். இவர் மறுபடி காற்றாடிக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. எந்தப் பேச்சு அவரைச் சாகடிக்கப் பார்த்ததோ அதே பேச்சு அந்த அம்மாவைக் காப்பாற்றியது. எந்த இடத்தில் எது சரி என்பது எனக்குப் பிடிபடவில்லை. என் படிப்புக்கு அது அதிகம்.

இன்னொரு மாதம். வரும் வழியில் அவிநாசியில் துணி ஏற்றித் திருப்பூர் சாயப்பட்டறையில் இறக்குவதாக ஏற்பாடு. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. நர்ஸ் வெளியே வந்து, அவருடைய டிரைவர் யார் என்று கேட்டார். இதயத்தில் மறுபடி முடிச்சு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் நாற்காலியில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் என்னிடம், "காலைக் காட்டுங்க" என்றார்.

இடது கால் சுண்டுவிரலில் ஒரு புண் இருந்தது. பனியன் கழிவுத் துணியைச் சுற்றி, செருப்புக்குள் விட்டிருந்தேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். துணியைப் பிரித்ததும் நர்ஸ் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"இப்பத்தாங்க" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னார். "மழைக்கு முந்தியிருந்துங்க மேடம். கேன் கேனாத் தண்ணி குடிக்கறாப்ல. பல்லடம் ரோட்டுல நாலு எடத்துல வண்டி நிக்கும். இப்ப ஆறு எடமாயிருச்சு. ராத்திரியானா எதிர்ல வர்ற லைட்டு இவருக்குக் கூசுது. நம்ம டிரைவருங்க, இவரு சொல்ல மாட்டாரு."

அத்தனை வயலையும் அத்தனை சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தவர் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

விரல் நுனியில் குத்திச் சோதித்தார்கள். சர்க்கரை எவ்வளவு என்று டாக்டர் சொல்லவில்லை. இவ்வளவு வைத்துக்கொண்டு எப்படி வண்டி ஓட்டினீர்கள் என்று மட்டும் கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தை விடவில்லை. புண்ணைக் கழுவிப் பெரிதாகக் கட்டுப் போட்டார்கள். மறுநாளே வந்து படுக்க வேண்டும் என்றார்கள். அந்த விரல் பிறகு போய்விட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதத்தோடு போயிருக்கும் என்றார்கள். மற்ற ஒன்பதும் இருக்கின்றன.

இப்போது அவர் தொழிலில் இல்லை. சேவூர்ப் பக்கம் போய்விட்டார். எப்படி இருக்கிறார் என்று என்னை யாராவது கேட்டால் நானும் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைப்பேன்.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்ததைச் சொல்ல வேண்டும். அவிநாசியில் துணி ஏற்றினோம். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் வந்ததும் நான் சொன்னேன்.

"அண்ணா, நாளைலருந்து நான் வேற பார்ட்டி பாத்துக்கிடுதேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தோள் லேசாக ஆடியது. சிரித்தாரா, வண்டி குலுங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது. "சரிங்க தம்பி" என்றார்.

சாயப்பட்டறை கேட்டில் வண்டியை நிறுத்தினேன். தார்ப்பாயை அவிழ்க்க நான் நொண்டிக்கொண்டு இறங்கியதை வாட்ச்மேன் பார்த்தார். வெள்ளை வெளேரென்று அவ்வளவு பெரிய கட்டு. பழகின மனிதர், அக்கறையாகத்தான் கிட்டே வந்தார்.

"ஏனுங்க, டிரைவருக்குக் கால்ல என்னங்க ஆச்சு?"

அவர் எனக்கும் வாட்ச்மேனுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"துணி வந்திருக்குதுங்க" என்றார். "எறக்கிக்குங்க."